குழந்தைகளின் தலையில் நீர் தேங்குதல்: எண்டோஸ்கோப்பி அறுவை சிகிச்சை பற்றிப் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

மூளைக்குள் நீர் தேங்கியிருக்கிறது என்று சொன்ன மறுகணமே பெற்றோர் கேட்பது, "குழாய் வைக்காமல் சரிசெய்ய முடியாதா, டாக்டர்?" என்பதுதான். யாராவது சொல்லியோ, கைபேசியில் தேடியோ, எண்டோஸ்கோப்பி என்று ஒன்று இருப்பதைத் தெரிந்துகொண்டு வருகிறார்கள். சில குழந்தைகளுக்கு அது மிக நல்ல வழி. வேறு சிலருக்கு அது ஒரு வீண் ஆபரேஷன். சில வாரங்களில் குழாய் வைக்க மறுபடியும் மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கும். உங்கள் குழந்தை இதில் எந்தப் பக்கம் என்பதை எப்படிக் கணிக்கிறோம் என்று சொல்வதுதான் இந்தப் பக்கத்தின் முக்கிய வேலை. மற்றவை ஆலோசனை அறையில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்.

தலையில் நீர் எப்படி வந்தது? குளிப்பாட்டும்போது காது வழியாகப் போயிருக்குமா?

இல்லை. இதைக் கேட்கும் தாயின் குரலில் பெரும்பாலும் குற்ற உணர்வு இருக்கும், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வெளியிலிருந்து ஒரு சொட்டு நீர்கூட மூளைக்குள் போக வழியில்லை. இது உள்ளேயே ஊறும் நீர். உங்கள் தலையிலும் இருக்கிறது, என் தலையிலும் இருக்கிறது.

மூளையின் நடுவே ஒன்றோடொன்று இணைந்த நான்கு அறைகள் உண்டு. அவற்றுக்குள் கோராய்டு பிளெக்சஸ் என்ற செந்நிறத் திசுக்கொத்து இருக்கிறது. நீரின் பெரும்பகுதி அதிலிருந்து ஊறுகிறது. பெரியவர்களுக்கு ஒரு நாளில் ஊறுவது சுமார் 500 மில்லி. ஆனால் ஒரு நேரத்தில் தலையிலும் தண்டுவடத்திலும் இருப்பது சுமார் 150 மில்லிதான். ஊறுவதற்கு ஈடாக வடிந்துகொண்டும் இருக்க வேண்டும். பக்கவாட்டு அறைகள் இரண்டிலிருந்தும் மூன்றாவது அறைக்கு, அங்கிருந்து ஒரு மெல்லிய கால்வாய் வழியாக நான்காவது அறைக்கு, பிறகு மூளையின் வெளிப்புறத்துக்கு வந்து ரத்தத்தில் கலந்துவிடும். இந்தப் பாதையில் எங்காவது அடைப்பு ஏற்பட்டாலோ, ரத்தத்தில் கலக்கும் இடம் பழுதானாலோ, நீர் அறைகளில் தேங்கி மூளையை உள்ளிருந்து அழுத்துகிறது. இதுதான் ஹைட்ரோசெஃபலஸ்.

எங்கள் குழந்தைக்கு மட்டும் ஏன்?

காரணங்கள் பல. மூன்றாவது, நான்காவது அறைகளுக்கு இடையிலான கால்வாய் பிறவியிலேயே குறுகியிருக்கலாம். முதுகெலும்பு மூடாமல் முதுகில் கட்டியுடன் பிறக்கும் குழந்தைகள் பலருக்கு இது கூடவே வரும். குறைமாதத்தில் பிறந்த குழந்தையின் மூளை அறைக்குள் ரத்தம் கசிந்திருக்கலாம். மூளைக்காய்ச்சல் வந்து போன பின் உள்ளே தழும்பு கட்டியிருக்கலாம். சற்றுப் பெரிய குழந்தைகளில் ஏதாவது ஒரு கட்டி பாதையை அடைத்திருக்கலாம். காரணம் எது என்பது ஆர்வத்துக்காகக் கேட்கும் கேள்வி அல்ல. எண்டோஸ்கோப்பி பலிக்குமா என்பதில் பாதித் தீர்ப்பு அதில்தான் இருக்கிறது.

வீட்டில் எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு வயதுக்குள் என்றால் அளவு நாடாதான் மிக நல்ல கருவி. நிறைமாதக் குழந்தையின் தலைச்சுற்றளவு பிறக்கும்போது ஏறக்குறைய 35 செ.மீ. இருக்கும். முதல் மூன்று மாதங்களில் மாதம் 2 செ.மீ., அடுத்த மூன்று மாதங்களில் மாதம் 1 செ.மீ., அதன்பின் ஒரு வயது வரை மாதம் அரை செ.மீ. என்று வளரும். ஒரே ஒரு அளவை வைத்து எதுவும் சொல்ல முடியாது. பெற்றோருக்கே பெரிய தலை என்றால் பிள்ளைக்கும் அப்படி இருக்கலாம். வளர்ச்சி அட்டையில் குழந்தை தன் கோட்டை விட்டு மேல் கோட்டுக்குத் தாவுகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இவற்றோடு உச்சிக்குழி புடைத்து இறுகியிருப்பது, தலையில் நரம்புகள் புடைத்துத் தெரிவது, பால் குடிக்க மறுப்பது, ஓயாத வாந்தி, வழக்கத்துக்கு மாறான தூக்கம். கண்மணிகள் கீழ்நோக்கி இழுக்கப்பட்டு மேலே வெள்ளை தெரிந்தால் அழுத்தம் நன்றாகவே கூடிவிட்டது என்று பொருள். உச்சிக்குழியைத் தொட்டுப் பார்க்கும்போது குழந்தை அழாமல், மடியில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். அழும் குழந்தைக்கு அது புடைக்கத்தான் செய்யும்.

மண்டையோட்டு எலும்புகள் கூடிய பிறகு தலை பெரிதாகாது. அப்போது அதிகாலைத் தலைவலி, வாந்தி, இரட்டைப் பார்வை, நடை தடுமாற்றம் ஆகியவைதான் அறிகுறிகள். படிப்பில் திடீர்ச் சரிவும் ஓர் அறிகுறியாக இருக்கலாம்.

எண்டோஸ்கோப்பியில் என்னதான் செய்கிறீர்கள்?

அடைபட்ட கால்வாயைத் தோண்டுவதில்லை. நீர் வெளியேற வேறொரு வாசல் திறக்கிறோம். மூன்றாவது அறையின் தரையில் துளையிட்டு, நீர் நேரடியாக மூளையின் அடிப்புறத்துக்குப் போகும்படி செய்கிறோம். சீட்டுகளில் சுருக்கமாக இ.டி.வி. என்று எழுதியிருப்பது இதைத்தான்.

குழந்தை முழு மயக்கத்தில் இருக்கும். தலையின் முன்பக்கம், பெரும்பாலும் வலப்புறம், ஒரு சிறு கீறல். பெரிய குழந்தைக்கு எலும்பில் ஒரு துளை போட வேண்டும். கைக்குழந்தைக்கு உச்சிக்குழியின் ஓரமே வாசலாகிவிடுகிறது. பென்சிலைவிட மெல்லிய ஒரு குழல், அதன் நுனியில் விளக்கும் கேமராவும். உள்ளே பார்வை கலங்காமல் இருக்க, உடல் சூட்டுக்கு வெதுவெதுப்பாக்கிய ரிங்கர் லாக்டேட் திரவம் மெல்ல ஓடிக்கொண்டிருக்கும்.

பக்கவாட்டு அறைக்குள் நுழைந்ததும் திரையில் முத்துவெள்ளைச் சுவர் தெரியும். அதன்மேல் கொடிபோல் படர்ந்திருக்கும் கோராய்டு பிளெக்சஸைப் பின்தொடர்ந்தால் ஒரு வட்டத் துளை வரும். அதைத் தாண்டினால் மூன்றாவது அறையின் தரை. பின்னால் அருகருகே இரண்டு வெண்ணிற முகிழ்கள். முன்னால் பிட்யூட்டரி சுரப்பிக்கு இறங்கும் காம்பின் சிவந்த குழி. இரண்டுக்கும் நடுவே, நேர் நடுக்கோட்டில், தரை அழுத்தத்தால் மெலிந்து வெங்காயத் தோல்போல் இருக்கும். பல குழந்தைகளில் அதன் அடியில் பேசிலர் ரத்தக்குழாய் துடிப்பதுகூட மங்கலாகத் தெரியும். அந்தக் குழாய்க்கு முன்னால், எட்ட நின்று, மழுங்கிய முனையால் தரையைத் துளைக்கிறோம். கூர்மையான கருவி எதுவும் இங்கே வேண்டாம். பிறகு ஒரு சின்னஞ்சிறு பலூனைத் துளைக்குள் செலுத்தி ஊதி, ஏறக்குறைய 5 மி.மீ. அகலத்துக்கு விரிக்கிறோம். அடியில் இரண்டாவது சவ்வு இருந்தால் அதையும் திறக்க வேண்டும். அதை விட்டுவிட்டால் செய்த வேலை பாதிதான்.

பலூனை எடுத்ததும் துளையின் விளிம்பு இதயத் துடிப்புக்கு ஏற்பப் படபடக்கத் தொடங்கும், காற்றில் ஆடும் திரைச்சீலையைப் போல. நீர் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போய்வருகிறது என்பதற்கு அதுதான் சாட்சி. அந்தப் படபடப்பைப் பார்க்காமல் நான் கருவியை வெளியே எடுப்பதில்லை.

மூளையில் ஓட்டை போடுவது ஆபத்தில்லையா?

துளை போடும் இடம் மெலிந்த ஒரு சவ்வு. சிந்தனையோ கைகால் அசைவோ அங்கே உட்கார்ந்திருக்கவில்லை. ஆபத்து அந்தத் துளையில் இல்லை, அக்கம்பக்கத்தில் இருக்கிறது. கீழே பேசிலர் ரத்தக்குழாய். அதில் காயம் பட்டால் உயிருக்கே ஆபத்து. போகும் வழியில் நினைவாற்றலோடு தொடர்புடைய ஃபார்னிக்ஸ் என்ற நரம்புக்கற்றை. சுற்றிலும் ஹைப்போதலாமஸ், அது சீண்டப்பட்டால் உடலின் நீர், உப்புச் சமநிலை சில நாட்கள் குலையலாம், குழந்தை அளவுக்கு மீறிச் சிறுநீர் கழிக்கலாம். ஆபரேஷனின்போது இதயத் துடிப்பு சற்று நேரம் குறைவது உண்டு; மயக்க மருந்து நிபுணர் கண் இமைக்காமல் இருப்பது அதற்காகத்தான். பிறகு வரக்கூடியவை: தையல் வழியே நீர்க்கசிவு, கிருமித்தொற்று, வலிப்பு, மூளைக்கு வெளியே ரத்தமோ நீரோ சேர்வது. பெரிய ரத்தக்கசிவு அரிது. ஆனால் அரிது என்ற சொல்லோடு விஷயத்தை முடித்துக்கொள்ளும் மருத்துவரிடம், "வந்தால் என்ன செய்வீர்கள்?" என்றும் கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

எங்கள் குழந்தைக்கு இது பலிக்குமா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரமிருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

டொரான்டோவின் அபயா குல்கர்ணியும் சக மருத்துவர்களும் 2009இல் ஒரு மதிப்பெண் முறையை வெளியிட்டார்கள். ஆபரேஷனுக்குப் பின் ஆறு மாதங்கள் வரை துளை பயன் தருமா என்பதை அது தோராயமாகச் சொல்லும். மூன்று விஷயங்களைத்தான் பார்க்கிறது. முதலில் வயது: ஒரு மாதத்துக்குள் என்றால் 0, ஒரு மாதம் முதல் ஆறு மாதத்துக்குள் 10, ஆறு மாதம் முதல் ஒரு வயதுக்குள் 30, ஒன்று முதல் பத்து வயதுக்குள் 40, அதற்கு மேல் 50. அடுத்து காரணம்: மூளைக்காய்ச்சலுக்குப் பின் வந்தது என்றால் 0, முதுகுக் கட்டி, மூளை அறை ரத்தக்கசிவு, பெரும்பாலான மூளைக் கட்டிகள் என்றால் 20, கால்வாய் அடைப்பு, அதை ஒட்டிய நடுமூளைக் கூரையில் வரும் கட்டி போன்றவை என்றால் 30. கடைசியாக, இதுவரை ஷன்ட் (நீரை வடிக்கும் குழாய்) வைக்கவில்லை என்றால் 10, வைத்திருந்தால் 0.

கூட்டிப் பாருங்கள். கால்வாய் அடைப்புள்ள, முன்பு ஷன்ட் வைக்காத 12 வயதுச் சிறுமிக்கு 50, 30, 10 சேர்ந்து 90. நூற்றுக்குத் தொண்ணூறு வாய்ப்பு என்று எடுத்துக்கொள்ளலாம். தயங்கவே வேண்டாம். அதே நோயுள்ள எட்டு மாதக் குழந்தைக்கு 70. மூளைக்காய்ச்சல் வந்து தேறிய மூன்று வாரக் குழந்தைக்கு வெறும் 10. அந்தக் குழந்தைக்கு "குழாய் இல்லாத நவீன சிகிச்சை" என்று ஆசை காட்டுவது நியாயமில்லை.

இந்த எண் தீர்ப்பு அல்ல. எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் மூன்றாவது அறையின் தரை கீழ்நோக்கி வளைந்திருக்கிறதா, அதன் அடியில் இடம் இருக்கிறதா, தழும்புகள் உண்டா என்பதையும் சேர்த்துத்தான் முடிவெடுக்கிறோம்.

கைக்குழந்தைகளுக்கு ஏன் அடிக்கடி தோற்கிறது?

துளையைத் தாண்டிய நீரை ரத்தத்தில் சேர்க்கும் அமைப்பு முதல் மாதங்களில் போதிய அளவு வேலை செய்வதில்லை என்பது ஒரு விளக்கம். இளம் திசு சீக்கிரம் ஆறி, துளை மூடிக்கொள்வது இன்னொன்று. உச்சிக்குழியும் கூடாத எலும்புகளும் அழுத்தத்துக்கு இடம் கொடுத்துவிடுவதால், நீரைத் துளை வழியே தள்ளும் விசை குறைவு என்றும் சொல்வார்கள். மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

நீர் ஊறும் திசுவையே சுட்டுவிடும் சிகிச்சை இருக்கிறதாமே?

இருக்கிறது. துளை போடுவதோடு கோராய்டு பிளெக்சஸையும் மின்சூட்டால் கருக்கிவிடுவது. உகாண்டாவின் பாலே நகரில் குழந்தைகள் மருத்துவமனையில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் பெஞ்சமின் வார்ஃப் இதைக் கைக்குழந்தைகளுக்குப் பெருமளவில் செய்து 2005இல் முடிவுகளை வெளியிட்டார். அங்கே தேவை வேறு மாதிரியானது. ஷன்ட் அடைத்துக்கொண்டால் உடனே ஓடிவர மருத்துவமனை அருகில் இல்லாத ஊர்களில் குழாயை நம்பிக் குழந்தையை அனுப்புவது ஆபத்து. துளை மட்டும் போடுவதைவிடத் திசுவையும் சேர்த்துச் சுட்டபோது ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் கூடுதல் பலன் கிடைத்தது. குறிப்பாக முதுகுக் கட்டியுடன் பிறந்தவர்களுக்கு. இதற்கு வளையக்கூடிய எண்டோஸ்கோப்பும், அதைப் பழகிய கையும் வேண்டும். எல்லா இடங்களிலும் இரண்டும் இருப்பதில்லை.

இது இன்னும் பரிசோதனையில் இருக்கும் புது முறையா?

நூறு வயதைத் தாண்டியது. 1910இல் சிகாகோவில் விக்டர் லெஸ்பினாஸ் என்பவர் சிறுநீர்ப்பை பார்க்கும் கருவியைக் குழந்தைகளின் மூளை அறைக்குள் செலுத்திக் கோராய்டு பிளெக்சஸைச் சுட்டார். அவர் மூளை மருத்துவரே அல்ல, சிறுநீரகத் துறைக்காரர்! 1923இல் பாஸ்டனில் வில்லியம் மிக்ஸ்டர் ஒரு கைக்குழந்தைக்கு இதே போன்ற கருவியால் மூன்றாவது அறையின் தரையைத் துளைத்தார். விளக்கும் லென்ஸும் அந்தக் காலத்தில் மோசம். ஐம்பதுகளில் வால்வு வைத்த ஷன்ட் வந்ததும் எண்டோஸ்கோப்பை மூலையில் போட்டுவிட்டார்கள். நல்ல கேமராக்கள் வந்த பிறகு, தொண்ணூறுகளில் மறுபடி கையில் எடுத்தார்கள்.

ஷன்ட், எண்டோஸ்கோப்பி: எது மேல்?

ஷன்ட் என்பது மூளை அறையிலிருந்து தோலுக்கு அடியிலேயே இறங்கி வயிற்றுக்குள் நீரை விடும் மெல்லிய குழாய். நடுவே ஒரு வால்வு. எந்தக் காரணத்தால் நீர் தேங்கினாலும் ஏறக்குறைய எல்லோருக்கும் வைக்கலாம், உடனே வேலை செய்யும். ஆனால் உடம்புக்குள் ஒரு பொருள் இருக்கிறது. அது அடைக்கலாம், கழலலாம், கிருமி பிடிக்கலாம், குழந்தை வளர வளரக் குட்டையாகலாம். குழந்தைகளில் வைத்த ஷன்ட்களில் ஏறக்குறைய பாதி இரண்டு ஆண்டுகளுக்குள் பழுதாகின்றன.

எண்டோஸ்கோப்பியில் பழுதாகப் பொருள் எதுவும் இல்லை. தோற்பதாக இருந்தால் பெரும்பாலும் முதல் ஆறு மாதங்களுக்குள் தோற்றுவிடும். அதைத் தாண்டிவிட்டால் பல ஆண்டுகள் நிம்மதி.

இரண்டு வயதுக்கு உட்பட்ட, கால்வாய் அடைப்புள்ள குழந்தைகளைப் பல நாடுகளில் பின்தொடர்ந்த ஆய்வில், ஆறு மாத முடிவில் மறு சிகிச்சை தேவைப்படாமல் இருந்தவர்கள் ஷன்ட்டில் 88 சதவீதம், எண்டோஸ்கோப்பியில் 66 சதவீதம். ஆனால் ஐந்து வயதில் அந்தக் குழந்தைகளின் உடல்நலத்தையும் வாழ்க்கைத் தரத்தையும் ஒப்பிட்டபோது குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. உகாண்டாவில் மூளைக்காய்ச்சலுக்குப் பின் நீர் தேங்கிய 100 கைக்குழந்தைகளில் ஷன்ட்டையும் சூட்டுச் சிகிச்சையோடு சேர்ந்த துளையையும் ஒப்பிட்டு 2017இல் வெளியான ஆய்விலும், ஓராண்டுக்குப் பின் அறிவு வளர்ச்சி இரு பிரிவிலும் ஒரே மாதிரிதான். ஆகவே குழாய் வைத்தால் குழந்தை மந்தமாகிவிடும் என்ற பயத்தில் எண்டோஸ்கோப்பியைத் தேடி அலைய வேண்டாம்.

ஏற்கெனவே ஷன்ட் இருக்கிறது. அதை எடுத்துவிட்டு இதைச் செய்யலாமா?

நன்றாக வேலை செய்யும் ஷன்ட்டைத் தொட வேண்டாம். அது பழுதாகும் நாளில், காரணம் கால்வாய் அடைப்பு என்றால், புதுக் குழாய்க்குப் பதிலாக இதை முயலலாம்.

மாத்திரையால் சரியாகாதா?

ஆகாது. அசெட்டசோலமைட், ஃபியூரோசமைட் என்ற மருந்துகளைக் குறைமாதக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஒரு பெரிய ஆய்வில், 1998இல், பலன் இல்லை என்பதோடு கெடுதலும் தெரிந்தது.

ஆபரேஷனுக்குப் பிறகு?

கருவி உள்ளே இருக்கும் நேரம் பெரும்பாலும் ஒரு மணிக்கும் குறைவு. மயக்கம் கொடுப்பது, தெளிவிப்பது எல்லாம் சேர்ந்துதான் உங்களுக்கு வெளியே யுகமாகத் தெரிகிறது. சிக்கல் இல்லை என்றால் சில நாட்களில் வீட்டுக்குப் போகலாம். முதல் இரண்டு நாட்களில் லேசான காய்ச்சல், வாந்தி, தலைவலி வரலாம். தையலை நனைய விடாதீர்கள். அங்கிருந்து தெளிந்த நீர் ஒரு சொட்டு வடிந்தாலும் மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள். தலையணை உறையில் ஈரத்திட்டு தெரிந்தாலும் அப்படியே.

ஒரு மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் அறைகள் இன்னும் பெரிதாகவே இருக்கின்றன. தோற்றுவிட்டதா?

இந்தக் கேள்வியோடு கலங்கிப்போய் வருபவர்கள் ஏராளம். ஷன்ட் வைத்தால் அறைகள் பளிச்சென்று சுருங்கும். துளை போட்டால் மெதுவாக, கொஞ்சமாகத்தான் சுருங்கும். பழைய அளவுக்குத் திரும்பாமலே போகலாம். ஸ்கேன் அறிக்கையில் "அறைகள் விரிவடைந்துள்ளன" என்று ஆண்டுக்கணக்கில் எழுதிக்கொண்டே இருப்பார்கள். குழந்தையைப் பாருங்கள். உச்சிக்குழி தணிந்திருக்கிறதா, தலை தன் கோட்டில் வளர்கிறதா, வாந்தி நின்றதா, முகம் பார்த்துச் சிரிக்கிறதா? எம்.ஆர்.ஐ.யில் துளை வழியே நீர் பாய்வது கருநிறக் கீற்றாகத் தெரியும். அறையின் அளவைவிட எனக்கு அந்தக் கீற்றுதான் முக்கியம்.

படிப்பு, நடை எல்லாம் சரியாக வருமா?

அழுத்தத்தைக் குறைப்பதுதான் ஆபரேஷனின் வேலை. ரத்தக்கசிவோ மூளைக்காய்ச்சலோ ஏற்கெனவே செய்துவிட்ட சேதத்தை அது திருப்பாது. வேறு பாதிப்பு இல்லாத கால்வாய் அடைப்பு, சீக்கிரம் கண்டுபிடித்துச் சிகிச்சை செய்தது என்றால், இயல்பாகப் பள்ளிக்குப் போகும் குழந்தைகள் நிறைய. கண் பரிசோதனையையும் வளர்ச்சி மதிப்பீட்டையும் தள்ளிப்போடாதீர்கள்; பயிற்சி தேவை என்றால் அது எத்தனை சீக்கிரமோ அத்தனை நல்லது.

நான்கு ஆண்டுகளாக நன்றாக இருக்கிறாள். இன்னும் வர வேண்டுமா?

வர வேண்டும். ஆண்டுகள் கழித்தும் துளை திடீரென மூடிக்கொள்வது உண்டு. மிக அரிது, ஆனால் அப்போது நிலைமை சில மணி நேரங்களில் மோசமாகலாம், உயிரிழப்பும் நேர்ந்திருக்கிறது. தோலுக்கு அடியில் தடவிப் பார்க்கக் குழாய் இல்லாததால், அவசரப் பிரிவில் இருக்கும் மருத்துவருக்கு இந்தக் குழந்தைக்கு ஹைட்ரோசெஃபலஸ் இருந்தது என்பதே தெரியாமல் போகலாம். சாதாரண வாந்தி என்று மருந்து எழுதி அனுப்பிவிடுவார்.

அதனால் ஒரு சீட்டு எழுதி அவள் பள்ளிப் பையிலும் உங்கள் கைபேசியிலும் வைத்துக்கொள்ளுங்கள்: "மூளையில் நீர் தேங்கியதற்காக, இந்தத் தேதியில், மூன்றாவது அறையில் எண்டோஸ்கோப்பி மூலம் துளையிடப்பட்டுள்ளது. கடுமையான தலைவலி, தொடர் வாந்தி, மயக்க நிலை இருந்தால் உடனே மூளை ஸ்கேன் எடுக்கவும்." கூடவே, அவள் நலமாக இருந்தபோது எடுத்த கடைசி ஸ்கேனின் படத்தையும் வையுங்கள். இரவு இரண்டு மணிக்கு அவளை முதன்முதலாகப் பார்க்கும் மருத்துவருக்கு, புது ஸ்கேனை ஒப்பிட்டுப் பார்க்க அந்தப் பழைய படம் வேண்டும்.